பச்சைச் சட்டையில் ஒரு கொக்கு

இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர். அந்த ஊர் ஃபுட்பால் கிளப்பின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினாலும் உங்களுக்குத் தெரியாது. அவர்கள் ஆடுவது நாலாவது டிவிஷன். ஒரே ஒரு முறை மூன்றாவதுக்கு ஏறி, அடுத்த வருஷமே இறங்கி வந்துவிட்டார்கள். நாலாவதிலிருந்தும் கீழே விழப் பார்த்து இரண்டு முறை தப்பித்தார்கள். எப்போதோ ஒரு கோப்பை ஆட்டத்தில் பெரிய டீம் ஒன்றை ஜெயித்ததை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இப்படி ஒரு கிளப்புக்காகப் பர்மாவில், யாங்கோனில் உட்கார்ந்துகொண்டு என் அப்பா ஆயுசு முழுக்க மனசைப் போட்டு அலட்டிக்கொண்டார். அவரிடமிருந்து எனக்கு அது வந்தது. சொத்து என்று வேறு எதுவும் வரவில்லை.

அப்பா போட்டாதாங் துறையில் மூட்டை இறக்கினார். நான் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது, அந்த இங்கிலாந்து ஊர்க்காரரான ஒரு கப்பல் சமையல்காரர் அவருக்கு ஒரு சட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். கரும்பச்சை, முழுக்கை, நெஞ்சில் ஒற்றைக் காலில் நிற்கிற ஒரு கொக்கு. துறைமுகத் தமிழ் ஆட்கள் அப்போதுதான் ஒரு டீம் சேர்த்திருந்தார்கள். போட்டுக்கொள்ளச் சட்டை இல்லை. அந்த ஒன்றைப் பார்த்து எல்லாருக்கும் பச்சைச் சட்டை தைத்து, கொக்கு வைத்து, டீமுக்கும் அந்தக் கிளப்பின் பெயரையே வைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் அப்பா சனிக்கிழமை ரேடியோவில் முடிவு கேட்பார். ஞாயிறு காலை டீக்கடையில் அதைச் சொல்லுவார். முக்கால்வாசி தோல்விதான். அதையும் சலிக்காமல் சொல்லுவார்.

முதல் கொக்குகளை அம்மா தைத்தார். பிறகு நான். லைங் தாயாவில் கார்மென்ட் ஃபேக்டரியில் இருபத்தைந்து வருஷமாக மெஷினில் உட்கார்ந்திருக்கிறேன். ஆறு நாள் ஊரார் சட்டை, ஏழாம் நாள் க்யிம்யிண்டைங்கில் என் வீட்டு மெஷினில் டீம் சட்டை. ஒரு கொக்குக்கு ஒரு மணி நேரம் ஆகும். எல்லாரும் பச்சை என்றால் கோல்கீப்பருக்கு வேறு நிறம் வேண்டும், இல்லாவிட்டால் நடுவர் ஆட விடமாட்டார். இதைப் பற்றி ஒருத்தரும் என்னிடம் சொன்னதும் இல்லை, கேட்டதும் இல்லை. மிச்சம் கிடக்கிற துணியில் ஒரு வருஷம் மஞ்சள், ஒரு வருஷம் ஊதா என்று நானே ஒன்று தைத்துச் சட்டை மூட்டைக்குள் வைத்துவிடுவேன். கோல்கீப்பர் சட்டை தானாக முளைக்கிறது என்று நினைத்துக்கொண்டார்களோ என்னமோ.

போன வருஷம் அந்த இங்கிலாந்து கிளப்பை ஒரு பணக்காரன் வாங்கினான். வாங்கின கையோடு நிறத்தை மாற்றினான். கொக்கைத் தூக்கி எறிந்துவிட்டு, ஏதோ இரண்டு கோணல் கோட்டைச் சின்னமாக வைத்தான். நம்ம ஆட்கள் தடையைத் தாண்ட வி.பி.என். போட்டு ஃபேஸ்புக்கில் அதைப் பார்த்துவிட்டு டீக்கடையில் குதித்த குதி இருக்கிறதே! நூறு வருஷக் கொக்கை எடுக்க இவன் யார், காசிருந்தால் எதை வேண்டுமானாலும் வாங்கிவிடலாமா, ஊர் ஜனத்தை ஒரு வார்த்தை கேட்டானா என்று கேட்டார்கள். எனக்கும் ரத்தம் கொதித்தது. கமிட்டித் தலைவர் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பார்த்தேன்.

எல்லாரும் பச்சைச் சட்டை போட்டுத் துறைமுகச் சுவரோரம் நின்று ஒரு போட்டோ எடுத்து, அந்த ஊர் ரசிகர்களுக்கு அனுப்பினார்கள். கொக்கு எங்கள் நெஞ்சில் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரு வரியும் எழுதினார்கள். அங்கே அது பெரிதாகப் பரவிவிட்டது. ஒரு கிழவர் மட்டும், ரொம்ப மரியாதையாக, ஒரு கேள்வி கேட்டிருந்தார்: எல்லாருமே ஏன் கோல்கீப்பர் சட்டை போட்டிருக்கிறீர்கள்?

அந்தக் கிளப்பின் நிறம் கத்தரிப்பூ நிறமாம். அதைத்தான் அந்தப் பணக்காரன் மாற்றியிருக்கிறான்; ஃபேஸ்புக்கில் புதுச் சின்னத்தை மட்டும் பார்த்த எங்களுக்கு அது தெரியவில்லை. அந்தக் காலத்தில் அங்கே கோல்கீப்பர்தான் பச்சை போடுவாராம். சமையல்காரர் கொடுத்தது ஒரு கோல்கீப்பரின் பழைய சட்டை. நாற்பது வருஷத்துக்கு மேலாக எங்கள் டீமில் பத்து பேர் கோல்கீப்பர் சட்டையில் ஓடியிருக்கிறார்கள்; நிஜ கோல்கீப்பர் மட்டும் வேறு எதையோ போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்பா இருந்திருந்தால் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் அவரும் சிரித்திருப்பார். ஆனால் கமிட்டிக்காரர்களுக்கு மானம் போய்விட்டது. ஊர் சிரிக்கிறது என்றார்கள். எந்த ஊர்? அங்கே இருக்கிறவர்கள் எங்களைக் கொண்டாடினார்கள்.

இந்த நேரம் பார்த்து ஒரு செல்போன் கடை முதலாளி வந்தார். நம்ம ஆள்தான். டீமுக்கு மைதான வாடகை, பஸ், சட்டை எல்லாம் தாம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். சட்டை சிவப்பாக இருக்க வேண்டும், நெஞ்சில் கொக்குக்குப் பதில் அவர் கடைப் பெயர் இருக்க வேண்டும், டீம் பெயரும் கடைப் பெயராக வேண்டும். அவ்வளவுதான் கேட்டார்.

அவ்வளவுதானாம்!

டீமுக்குக் கஷ்டம் இல்லை என்று நான் சொல்லவில்லை. பாதிப் பையன்கள் பாங்காக்குக்குப் போய்விட்டார்கள். பதினொரு பேர் சேர்வதே பாடாக இருக்கிறது. கை நீட்டி வாங்கட்டும், யார் வேண்டாம் என்றது? கொக்கை விட்டுக்கொடுக்காமல் வாங்கத் துப்பில்லையா? கோயில் ஹாலில் கூட்டம் என்று கேள்விப்பட்டு ஞாயிறு காலை போனேன். வாசலோரம் நின்றேன். பச்சை என்பதே தப்புச் சட்டைதானே, இதை ஒரு சாக்காக வைத்து மாற்றிவிடலாம் என்று தலைவர் பேசிக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்ட அதே தலைவர். கடல் தாண்டி இருக்கிற பணக்காரனைத் திட்டின அதே வாய்.

நான் கையைத் தூக்கினேன். கொக்கு இருக்கட்டும், கடைப் பெயரை முதுகில் போட்டுக்கொள்ளலாம், அவரிடம் அப்படிக் கேட்டுப் பாருங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"தங்கச்சி, இது மெம்பர் கூட்டம்மா," என்றார் தலைவர். "நோட்டுல உன் பேரு இல்லையே."

அந்த நோட்டு அப்பா காலத்திலிருந்து இருக்கிறது. ஆடினவர்கள், கமிட்டியில் இருந்தவர்கள், எல்லார் பெயரும் அதில் உண்டு. பந்தை ஒரு தரம்கூட உதைக்காமல் வெளிநாட்டில் இருக்கிற என் தம்பி பெயர் அதில் இருக்கிறது. எத்தனை கொக்கு தைத்திருப்பேன், எத்தனை சேற்றுச் சட்டை துவைத்திருப்பேன், என் பெயர் இல்லை. கூட்டத்தில் ஒருத்தர் தரையைப் பார்த்துக்கொண்டு, பழைய பச்சைச் சட்டைகளைப் பிரித்துத் துடைக்கிற துணியாக்கித் தர முடியுமா அக்கா என்று கேட்டார். நான் படியிறங்கி வந்துவிட்டேன். நின்றிருந்தால் கோயில் என்றுகூடப் பார்த்திருக்க மாட்டேன்.

சிவப்புச் சட்டைகளை முதலாளி ரெடிமேடாகக் கட்டுக்கட்டாக வாங்கிவிட்டார். ஆட்டக்காரர்களுக்கு, கமிட்டிக்கு, கை தட்ட வருகிறவர்களுக்கு, எல்லாருக்கும் சிவப்பு. முதல் ஆட்டத்துக்கு நானும் போனேன். போகாமல் இருந்திருக்கலாம், இருக்க முடியவில்லை. கப்பல்காரர் கொடுத்த அதே பச்சைச் சட்டையை ரவிக்கைக்கு மேல் போட்டுக்கொண்டு போனேன். முழங்கையில் நான் போட்ட ஒட்டு, காலரில் அம்மா போட்ட தையல். பஸ்ஸில் எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஆட்டம் மூன்று மணிக்கு. மூன்றே கால் ஆகியும் தொடங்கவில்லை. நடுவர், ஒரு பர்மாக்காரர், எங்கள் கோல்கீப்பரைச் சுட்டிக்காட்டித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். கோல்கீப்பரும் சிவப்பு. வேறு சட்டை எங்கே என்று கேட்டார். ஒருத்தருக்கும் அது தோன்றவே இல்லை! நாற்பது வருஷமாக மூட்டைக்குள் கை விட்டால் வந்துகொண்டிருந்தது, இந்தத் தடவை வரவில்லை. பனியனோடு நிற்கட்டும் என்றார்கள். எதிர் டீம் வெள்ளை. வெளியே நிற்கிறவர்களிடம் ஒன்று வாங்கலாம் என்று திரும்பிப் பார்த்தார்கள். வேலியோரம் நின்ற நம்ம ஆட்கள் அத்தனை பேரும் சிவப்பு. எதிர்ப் பக்கத்தார் தரமாட்டோம் என்று சிரித்தார்கள். இன்னும் ஐந்து நிமிஷம், இல்லாவிட்டால் தோற்றதாக எழுதிவிடுவேன் என்றார் நடுவர்.

அப்போதுதான் தலைவர் என்னைப் பார்த்தார். அதுவரை பார்க்காத மாதிரி இருந்தவர்.

வேலியோரம் வந்து, கையை நீட்டினார்.

"மெம்பர் இல்லாத ஆளோட சட்டை, பரவால்லையாண்ணே?" என்று கேட்டேன்.

விளையாடாதே தங்கச்சி, நேரமாகிறது என்றார். நான் விளையாடவில்லை. நோட்டை எடுக்கச் சொன்னேன். ஆட்டக்காரர் பட்டியல் எழுத நோட்டை எப்போதும் மைதானத்துக்கு எடுத்து வருவார்கள் என்று எனக்குத் தெரியும். அவர் முகம் சிவந்துவிட்டது. பின்னால் செல்போன் கடை முதலாளி வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோல்கீப்பர் சிவப்பைக் கழற்றிவிட்டு வெறும் பனியனோடு நின்றிருந்தார். தலைவர் பையிலிருந்து நோட்டை எடுத்து, முட்டியில் வைத்து, எழுதினார். எழுதி முடித்து மறுபடியும் கையை நீட்டினார்.

காட்டுங்கள் என்றேன். காட்டினார். அப்பா பெயரை எழுதி, பக்கத்தில் 'மகள்' என்று போட்டிருந்தார்.

எனக்குக் கோபம் பொங்கியது. அப்பா மேல் எனக்கு எவ்வளவு உயிர் என்று அந்த மனுஷருக்குத் தெரியும். அதனால்தான் அப்படி எழுதினால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன் என்று நினைத்தார்.

"அடிங்க அதை," என்றேன். "எனக்குப் பேரு இருக்கு. அதை எழுதுங்க."

நடுவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, வாட்சைப் பார்க்காமல், எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். தலைவர் அடித்துவிட்டு எழுதினார். ஒவ்வொரு எழுத்தாக நான் வாசித்துப் பார்த்தேன். அப்புறம் சட்டையைத் தலைவழியாகக் கழற்றி, அவர் நீட்டின கையில் கொடுக்காமல், நேரே கோல்கீப்பரிடம் கொடுத்தேன்.