நாலுக்கு அடியில் இருந்த மூன்று

அறுபதுகளின் கடைசியில் எனக்கு விக்டோரியா ராணி காலத்துச் செப்புப் பென்னிகளின் மேல் ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. பைத்தியம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆபீஸ் விட்டு மயிலாப்பூர் வந்து, காப்பி குடித்த கையோடு, வாட்ச் ரிப்பேர்க்காரர் கண்ணில் செருகிக்கொள்ளும் லென்ஸைச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒரே காசுதான். எனக்கு அப்படியில்லை. முன்பக்கம் ராணியின் தலை, பின்பக்கம் சூலம் பிடித்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். சில காசுகளில் அந்தச் சூலத்தின் அடியில் சின்னப் பூ வேலை இருக்கும், சிலவற்றில் மொட்டையாக இருக்கும். அச்சு மாறினால் காசும் மாறும். அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை.

எங்கள் என்றால், தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு திருநெல்வேலிக்காரரின் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடும் ஏழெட்டுப் பேர். அவரை எல்லோரும் அண்ணாச்சி என்போம். காசு விஷயத்தில் அண்ணாச்சி சொன்னால் அப்பீல் கிடையாது. நான் ஏதாவது கண்டுபிடித்தேன் என்று போனால், "இது தேய்மானம் சார்" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார். எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும்.

அடையாறில் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தபோது வந்த சாமான்கள் சைதாப்பேட்டைப் பழைய பாத்திரக்கடைக்குப் போயின. அங்கே எடைக்குக் கிடந்த செம்போடு ஒரு பென்னி எனக்குக் கிடைத்தது. கன்னங்கரேல் என்று இருந்தது. வருஷம் 1854. லென்ஸில் பார்த்தேன். நாலின் வலப்பக்கத்தில் வளைவாக ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. மூன்றின் முதுகு!

முந்தின வருஷத்து 1853 அச்சைத் தூக்கிப் போட மனசில்லாமல், அதன் கடைசி மூன்றின் மேலேயே நாலை அடித்து அந்த வருஷம் சில காசுகள் போட்டார்கள். புத்தகத்தில் படித்திருந்தோம். எங்கள் கூட்டத்தில் யாரிடமும் அந்தக் காசு இல்லை. ஞாயிறன்று மாடியில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். "கொண்டு வாங்க, பார்ப்போம்" என்றார் அண்ணாச்சி. அடுத்த வாரம் கொண்டு வருவதாகச் சொன்னேன். அந்த வாரம் முழுக்க நடையே மாறியிருந்தது எனக்கு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், மேஜை மேல் அந்தக் காசு பளபளவென்று இருந்தது. பூஜைப் பாத்திரங்களோடு சேர்த்து என் மனைவி அதையும் புளி போட்டுத் தேய்த்திருந்தாள்.

"நாலு பேர் பார்க்கப் போறான்னு சொன்னேளே. கறுப்பா எப்படி எடுத்துண்டு போறது?" என்றாள்.

லென்ஸைச் செருகினேன். நாலு மட்டும் தனியாக, சுத்தமாக நின்றது. மூன்றைக் காணோம்.

எனக்கு அரை நிமிஷத்தில் புரிந்துவிட்டது. செம்பில் அச்சடித்த எழுத்து புளியில் போகாது. போனது என்றால் அது எழுத்தே இல்லை. நூறு வருஷத்து அழுக்கு, காய்ந்து வளைவாக ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

"தப்பா ஏதாவது பண்ணிட்டேனா?"

"அந்த மூணு போயிடுத்து" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் முகம் சுண்டிப்போனது. அதைப் பார்த்துக்கொண்டுதான் சும்மா இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாடியிலும் அதையே சொன்னேன். ஆத்துக்காரி தேய்த்துவிட்டாள், போய்விட்டது. அண்ணாச்சி முதல் தடவையாக என் தோளில் கை வைத்தார். "பழங்காசை புளியில போடலாமா? வீட்ல ஒரு வார்த்தை சொல்லி வைக்கக் கூடாதா சார்?" என்று இரண்டாவது காப்பிக்கு ஆள் அனுப்பினார். காசின் பழைய நிறம் போனதில் அவர்களுக்கு அவ்வளவு வருத்தம். மூன்று எப்படிப் போகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் என் பக்கம். எனக்கு அது பிடித்திருந்தது. இப்போது எழுதவே கூசுகிறது.

அதற்குப் பிறகு, மாடிக்குப் பதில் எங்கள் வீட்டில் எப்போது கூட்டம் கூடினாலும் காப்பியோடு ஒரு கிண்டலும் உண்டு. "மாமி, காசையெல்லாம் சார் பூட்டி வச்சிட்டாரா?" அவள் சிரித்துக்கொண்டே டபராவை வைத்துவிட்டு உள்ளே போவாள். என் மேஜைப் பக்கம் அவள் வருவதை விட்டுவிட்டாள். நானே துடைத்துக்கொண்டேன்.

ஆறு வருஷம் இப்படி ஓடியது. ஒரு ஞாயிறு, புதிதாகச் சேர்ந்த ஒருவர் தன் மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அந்த அம்மாளிடம் யாரோ, "காசைப் புளி போட்டுத் தேய்ச்ச மாமி இவங்கதான்" என்று அறிமுகம் செய்துவைத்தார்கள். அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் மனைவியும் சிரித்தாள். அன்றைக்கு என்னால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

எல்லோரும் போன பிறகு சமையலறை வாசலில் நின்று சொன்னேன். "அது மூணே இல்லை. அழுக்கு. உன் மேல தப்பே கிடையாது."

அவள் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, கல்யாணத்துக்குச் சீராக வந்த செப்புக்குடத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். கழுத்தில் புள்ளி புள்ளியாக அவள் அப்பாவின் பெயர் வெட்டியிருந்தது.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து வாராவாரம் புளி போட்டுத் தேய்க்கறேன். ஒரு புள்ளி போகலை. உங்க மூணு மட்டும் ஒரே தேய்ப்புல போயிடுமா?"

"அப்போ அன்னிக்கே தெரியுமா? ஏன் சொல்லலை?"

"நீங்க சொல்வேள்னு இருந்தேன்."

குடத்தை எடுத்த இடத்தில் வைத்துவிட்டுச் சொன்னாள். "எனக்குத் தெரிஞ்சதை எனக்கே சொல்லி என்ன பிரயோஜனம்? அவாகிட்ட சொல்லுங்கோ."

சொன்னேன். அடுத்த ஞாயிறு தலைவலி என்று வீட்டிலேயே படுத்துக்கொண்டேன். அதற்கு அடுத்த ஞாயிறு போய்ச் சொன்னேன்.