மழைக்கு முன்னால் நாலு சுவர்

வெள்ளையடிக்கிறவனுக்கு வருடத்தில் ஒரு மாதம்தான் மரியாதை. அது புரட்டாசி நடுவில் தொடங்கி ஐப்பசி மழையில் கரைந்துபோகும்.

அந்த ஒரு மாதத்தில்தான் மதுரையில் எல்லாரும் வீட்டைத் தலைகீழாகப் புரட்டுவார்கள். மழையும் அதன் பின்னால் பனியும் வந்துவிட்டால் சுவர் காயாது, பாய் காயாது, பூச்சி பொட்டு உள்ளே வந்து குடியேறிவிடும். அதனால் பரணில் இருப்பது முற்றத்துக்கு வரும். முற்றத்தில் இருப்பது தெருவுக்கு வரும். உப்பு எங்கே, விளக்கு எங்கே என்று தெரியாமல் வீட்டுக்காரர்கள் நடுவில் நிற்பார்கள். நீங்களும் அப்படி நின்றிருப்பீர்கள். உங்களுக்கு அது வருடத்தில் இரண்டு நாள் அவஸ்தை. எனக்கு முப்பது நாளும் அதுதான்.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய வருடங்கள் அவை. நானும் என் மனைவி பேச்சியின் அண்ணன் கருப்பையாவும் சேர்ந்து இந்த வேலை பார்த்தோம். என் வீடு ஆனையூரில், ஓடு போட்ட ஒற்றை அறை மண்வீடு. நான் சொல்லப்போகிற வருடம் பேச்சிக்கு எட்டாம் மாதம். தாய் இல்லாத பெண் என்பதால் தலைப்பிரசவம் எங்கள் வீட்டிலேயே என்று முடிவாகியிருந்தது. அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. மழை இறங்குவதற்குள் நம் வீட்டு நாலு சுவரையும் சுத்தம் செய்து வெள்ளையடித்துவிட வேண்டும். வருகிற சனிக்கிழமை என்றேன்.

காவல் இருந்த குமாஸ்தா

அந்தச் சனிக்கிழமை தல்லாகுளத்தில் ஒரு கோர்ட்டுக் குமாஸ்தா வீட்டு வேலை வந்துவிட்டது. விஷயம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். சுண்ணாம்பு அடிக்கும்போது வெள்ளையாக இருக்காது. ஈரச் சுவர் அழுக்குத் தண்ணீர் தெளித்தது போல மங்கலாகத்தான் தெரியும். காயக் காயத்தான் வெளுக்கும். குமாஸ்தா சுவரைப் பார்த்தார், எங்கள் பானைக்குள் பார்த்தார், "என்னப்பா, தண்ணியா இருக்கு? கெட்டியாக் கரைச்சு அடி" என்றார். நான் பொறுமையாகச் சொன்னேன். சுண்ணாம்பு மோர் பதத்தில் இருக்கவேண்டும். தயிர் பதத்துக்குப் போனால் காய்ந்ததும் உரிந்து விழும். ஒரு பூச்சு முழுக்கக் காய்ந்த பிறகுதான் மறு பூச்சு.

அவர் நம்பவில்லை. நாற்காலியைக் கொண்டுவந்து சுவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். அது வெளுக்கிற நொடியைக் கண்ணால் பார்த்தால்தான் ஒப்புக்கொள்வேன் என்றார். நாங்கள் பின்கட்டை முடித்துவிட்டுச் சாயங்காலம் வந்து பார்த்தபோது சுவர் பால் போல இருந்தது. குமாஸ்தா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினோம். கண்ணைக் கசக்கிக்கொண்டு சுவரை இரண்டு முறை பார்த்தார். பிறகு, "வெள்ளையாத்தான் இருக்கு, மறுக்கலே. ஆனா நான் அசந்த நேரத்துல நீங்க என்ன செஞ்சீங்கங்கிறதுக்குச் சாட்சி இல்லே" என்றார்.

கடைசி அறை

அடுத்த சனிக்கிழமை பேச்சி விடியுமுன்னே எழுந்து சட்டி பானைகளை வெளியே எடுத்து வைத்துவிட்டாள். நானோ தெற்கு வாசல் பக்கம் ஜவுளி வியாபாரியான ஒரு முஸ்லிம் பாய் வீட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். அவர் வெள்ளிக்கிழமைதான் ஆள் அனுப்பியிருந்தார். எடுத்த பாத்திரங்களை அவளே திரும்ப உள்ளே வைத்தாள். என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பாய் வீடு ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக ஆறு அறைகள் கொண்டது. வீட்டுப் பெண்கள் வெளி ஆண்கள் முன் வரமாட்டார்கள். ஆகவே ஒவ்வோர் அறைக்குள்ளும் போகுமுன் நாங்கள் இருமிக் குரல் கொடுப்போம். அவர்கள் அடுத்த அறைக்கு நகர்ந்துவிடுவார்கள். வாசலிலிருந்து ஆரம்பித்து அறை அறையாகப் பின்னால் போனோம். பிற்பகலில் ஆறாவது அறை வாசலில் நின்று கருப்பையா, "உள்ள ஆரு, கொஞ்சம் நகந்துக்கோங்க" என்றார். உள்ளேயிருந்து வீட்டு அம்மாவின் குரல் வந்தது. "எங்கிட்டு நகர்றது தம்பி? சுவத்துக்குள்ளயா?"

அந்த அறைக்கு வேறு கதவு கிடையாது. நாங்கள் தெருவுக்குப் போய்விடலாம். அவர்கள் முன்னறைக்கு வந்துவிடுவார்கள். அப்புறம் நாங்கள் முன்னறையைத் தாண்டி எப்படி உள்ளே வருவது? ஆடும் புலியும் புல்லுக்கட்டும் ஆற்றைக் கடக்கிற கணக்குப் போல ஆகிவிட்டது. கடைசியில் அந்த அம்மாவே வழி சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஐந்தாவது அறைச் சுவரைப் பார்த்து, மூக்கு முட்ட நின்றோம். பின்னால் ஐந்து பேர் நடந்துபோகும் சத்தம் கேட்டது. யாரோ ஒரு பெண் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் போனதும் கேட்டது. திரும்பியபோது ஈரச் சுவரில் இரண்டு மூக்கின் அச்சு இருந்தது; அந்த இடத்தை மட்டும் மறுபடி அடித்தோம். உள்வேலை முடிந்து புறப்படும்போது திரைக்குப் பின்னாலிருந்து அந்த அம்மா சொன்னார்: "மாஷா அல்லா, வீடு நல்லா இருக்கு. அடுத்த வருசம் மட்டும் கடைசி அறையிலேர்ந்து ஆரம்பிங்க தம்பி."

களத்துக்கு வந்த அண்டா

மூன்றாவது சனிக்கிழமைக்குள் திரும்பிவிடலாம் என்று நம்பித்தான் கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனோம். விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரியின் வீடு, மூன்று நாள் வேலை. முதல் நாள் பரண், நெல்லுக் குதிர், அடுப்படி எல்லாவற்றையும் காலி செய்து சாமான்களைக் களத்தில் பரப்பினோம். அங்கேதான் தவறு செய்தோம். தெருவில் போனவர்கள் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு பெண், "இந்த அண்டா எங்க வீட்டுதுல்ல?" என்று எடுத்துக்கொண்டு போனாள். இன்னொருத்தி முறத்தை எடுத்தாள். ஒருவர் வந்து மண்வெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டு வருசமாத் தேடுறேன்" என்று தோளில் போட்டுக்கொண்டார். சாயங்காலத்துக்குள் களத்தில் பாதி இடம் காலி.

சம்சாரி தலையில் கைவைத்து உட்கார்ந்து, "வீட்டச் சுத்தம் பண்ணத்தான் கூப்புட்டேன், இம்புட்டுச் சுத்தமா ஆகும்னு ஆரு கண்டா" என்றார். அவர் மனைவி கலங்கவில்லை. மறுநாளே அண்டாக்காரியிடம் போய், நீயும் வெள்ளையடித்துக்கொள், ஆள் ஊருக்குள்ளேயே இருக்கிறது என்று சொல்லி அவளைச் சம்மதிக்க வைத்துவிட்டாள். அண்டாக்காரி வீட்டுச் சாமான்கள் களத்துக்கு வந்ததும் இவள் தன்னுடையதைப் பொறுக்கிக்கொண்டாள்; அண்டாக்காரிக்கு எதிர்வீட்டுக்காரி மேல் சந்தேகம் வந்தது. இப்படியே நாலு வீடு. மூன்று நாள் வேலை ஒன்பது நாளாயிற்று. மூன்றாவது சனிக்கிழமை அங்கேயே கழிந்தது. பஸ் ஏறும்போது முதல் வீட்டு அம்மா ஓடிவந்து, "கெணத்தடி வீட்டுக்காரி எப்ப அடிக்கிறான்னு சொல்லியனுப்புங்க. எங்க உலக்க அங்கதான் கெடக்கு" என்றாள்.

மழைக்கு ஜவாப்

வெள்ளையடிக்கிறவனைப் பார்த்தால் எல்லாரும் கேட்கிற கேள்வி, மழை வருமா என்பது. ஏணியில் நிற்பதால் மேகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம் என்று நினைப்பு. கருப்பையா ஒரே பதில் வைத்திருந்தார்: "ஒங்க வீட்ட முடிச்ச பெறகுதான் வரும்." எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். அன்று பஸ்ஸில் வரும்போது அழகர் மலைப் பக்கம் வானம் கறுத்திருந்தது. அவர் ஜன்னல் வழியே அதையே பார்த்துக்கொண்டு வந்தார். ஆனையூர் போகிற பாதை பிரிகிற இடத்தில் இறங்கினதும் என் தோளைத் தொட்டு, "ஊருக்கெல்லாம் நான் சொல்லிட்டேன் மாப்ள. ஒன் வீட்டுக்கு முன்னாடி வருமா பின்னாடி வருமா, அத நீ எந்தங்கச்சிக்குச் சொல்லு" என்றார்.

தயிர் பதம்

மறுநாள் காலையில் நான் வேறு எந்த வீட்டுக்கும் போகவில்லை. பாய் வீட்டில் மதில் சுவர் மிச்சம் இருந்தது. அதற்குக் கருப்பையா மட்டும் போனார். நான் ஒட்டடை அடித்து, சுவரைச் சுரண்டி, ஓட்டைகளை மண் வைத்து அடைத்து, மோர் பதத்தில் சுண்ணாம்பு கரைத்தேன். உச்சிப்பொழுதுக்குள் மூன்று சுவர் முடிந்துவிட்டது. நாலாவது, பேச்சி படுக்கப்போகிற பக்கத்துச் சுவர். அதுதான் எல்லாவற்றிலும் வெள்ளையாக வரவேண்டும் என்று கடைசியாக வைத்திருந்தேன்.

அதை அடித்து முடிக்கவும் மேகம் மூடவும் சரியாக இருந்தது. காற்றில் ஈரம் வந்துவிட்டது. சுவர் மங்கலாகவே இருந்தது. பேச்சி இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். "வெளுக்குமா?" என்றாள். வெளுக்கும் என்றேன். ஒரு நாழிகை கழித்தும் அப்படியே இருந்தது. அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. இத்தனை வருடத்தில் ஒரு சுவர் காய்வதை நான் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. ஊரார் சுவர் காயும்போது நான் அடுத்த வீட்டில் இருப்பேன். இது என் சுவர். எதிரே என் மனைவி நிற்கிறாள், மேலே மழை காத்து நிற்கிறது. நான் பானையில் இன்னும் இரண்டு கை சுண்ணாம்பை அள்ளிப் போட்டேன். ஈரத்தின் மேலேயே ஒரு பூச்சு அடித்தேன். அது போதாது என்று இன்னொன்று.

மூன்றாம் நாள் அந்தச் சுவரின் பூச்சு கொத்துக் கொத்தாக உரிந்து கீழே விழுந்தது. மற்ற மூன்றும் பால் போல நின்றன. சுரண்டிவிட்டு மறுபடி அடிக்கலாம் என்று சுண்ணாம்பு அடிக்கும் மட்டையை எடுத்தேன். வெளியே மழை இறங்கிவிட்டது. அந்த மழையிலேயே கருப்பையா தங்கையைப் பார்க்க வந்தார். சுவரைப் பார்த்தார். தரையில் கிடந்த ஒரு வில்லையைக் கையில் எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். "தயிரு" என்றார். அதைக் கீழே போட்டுவிட்டு, "அடுத்தவன் வீடா இருந்தா நல்லா அடிச்சிருப்ப மாப்ள" என்றார்.

நாலாவது சுவர்

மழை விடவில்லை. பத்து நாளில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். மருத்துவச்சி வெந்நீர் கேட்டாள், பழந்துணி கேட்டாள். சுவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்தான் அதைப் பார்க்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டேன். பேச்சி என்னைக் குற்றம் சொல்லவில்லை. சுவரோரம் உதிர்கிற சுண்ணாம்பைத் தினமும் ஒரு தரம் கூட்டி அள்ளினாள், அவ்வளவுதான்.

கார்த்திகைப் பனிக்குத் தொட்டிலை உள்ளே தள்ளிக் கட்டினோம். வெள்ளைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டால் குழந்தை அழுதது. உரிந்த சுவர்ப் பக்கம் போட்டால் அழுகை நின்றது. முதலில் நான் நம்பவில்லை. குமாஸ்தா போலச் சோதித்துப் பார்த்தேன். இந்தப் பக்கம் திருப்பினால் அழுகை, அந்தப் பக்கம் திருப்பினால் அமைதி. பிறகு நானும் அவள் தலைக்குப் பக்கத்தில் தலையை வைத்து அங்கிருந்து பார்த்தேன். உரிந்த இடங்களில் ஓர் ஆட்டுத் தலை இருந்தது. படுத்திருக்கிற பூனை இருந்தது. மூலையில் குடை பிடித்த ஆள் ஒருவர். வெள்ளையாக இருந்த மூன்று சுவரிலும் பார்க்க ஒன்றுமே இல்லை.

அடுத்த புரட்டாசி வந்ததும் முதல் வேலையாக என் வீட்டில்தான் சுண்ணாம்பு கரைத்தேன். மோர் பதம், விரலால் தொட்டுப் பார்த்து. மூன்று சுவரையும் அடித்துவிட்டு நாலாவதைச் சுரண்டப் போனபோது பேச்சி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குறுக்கே வந்து நின்றாள். "அதுல கைய வைக்காதீங்க. மூணு சுவரு ஒங்களுக்கு, அது அவளுக்கு. பொறந்ததுலேர்ந்து அதத்தான் பாத்துக்கிட்டுக் கெடக்கா, ஒங்க மொகத்தக்கூட அதுக்குப் பெறகுதான் பாத்தா."

இத்தனை வருடத் தொழிலில் எவ்வளவோ சுவர்களை வெளுத்துக் கொடுத்து எவ்வளவோ குறை கேட்டிருக்கிறேன். குடியிருப்பவர்கள் ஒரு குறையும் சொல்லாத சுவர் ஒன்றே ஒன்றுதான், அதுவும் நான் கெடுத்தது.