உள்ளிருந்து திறக்காத கதவு

கைபிரேக்கை இழுத்துவிட்டு, சாவியை உருவி, இறங்கி, வண்டியின் மூக்கைச் சுற்றி வந்து பின் கதவைத் திறக்கிறார் அம்பி மாமா. ஒரு கை கதவைப் பிடித்திருக்க, இன்னொரு கையை மேல்விளிம்பில் வைத்துக்கொள்கிறார், இறங்குகிறவர் தலையை இடித்துக்கொள்ளாமலிருக்க. கச்சேரிக்கு வந்தவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், யாரானாலும் இதேதான். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனுஷரா என்று பலர் என்னிடமே கேட்டிருக்கிறார்கள். அந்த வண்டியின் பின் கதவுகள் இரண்டும் உள்ளிருந்து திறக்காது என்பதை நான் அவர்களிடம் சொல்வதில்லை.

மாமாவுக்கு அறுபத்திரண்டு வயது. அரசாங்கத்தில் வரைபடப் பிரிவில் முப்பத்துநாலு வருஷம் பாலங்களுக்கும் மதகுகளுக்கும் கோடு போட்டவர். மயிலாப்பூர் சித்திரைக்குளத்துக்குப் பக்கத்தில் அவர் வீடு; மாடியில் பதினோரு வருஷமாக நான் குடியிருக்கிறேன். எதையும் சட்டென்று புகழ்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனாலும் சந்தன நிறத்தில் உருண்டையாக இருக்கும் அந்தப் பழைய வண்டியைத் தெருவே நேசிக்கிறது என்பதை மறுக்க முடியாது. சோபா மாதிரி சீட்டு. ஆறு பேர் தாராளமாக உட்காரலாம். ஐப்பசி மழையில் தி. நகர் முழங்கால் தண்ணீரில் நிற்கும்போது புது வண்டிகளெல்லாம் ஓரம் கட்டிக்கொள்ள, இது மட்டும் எருமை மாதிரி நீந்தி வந்து சேரும். தெருவில் மூன்று பிரசவங்களுக்கு இந்த வண்டிதான் போயிருக்கிறது.

குறைகளும் உண்டு. மழை பெய்தால் ஓட்டுகிறவரின் வலது முழங்காலில் மட்டும் சொட்டும். மாமா அங்கே ஒரு பால் கவரை விரித்துக்கொள்வார். பெட்ரோல் முள் பாதியைக் காட்டிக்கொண்டே இருந்து திடீரென்று காலியில் விழும். அதனால் டாங்கிக்குள் விட்டுப் பார்க்க ஒரு மூங்கில் குச்சி. ஸ்டெப்னியை எடுக்க டிக்கியில் இருக்கும் சாமான் அத்தனையையும் நடுத்தெருவில் இறக்கிவைக்க வேண்டும். பின் கண்ணாடிகள் நாலு விரற்கடைக்கு மேல் இறங்காது. எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் கதவுகள்.

வருஷா வருஷம் பொங்கல் கழிந்ததும் மாமா கம்பெனிக்குக் கடிதம் எழுதுவார். ஒவ்வொரு குறைக்கும் ஒரு எண், ஒரு பென்சில் படம், அதைத் திருத்தும் வழி. மேலான யோசனைக்கு நன்றி என்று ஓர் அச்சடித்த அட்டை வரும். அதைப் படித்துவிட்டு, "வரையத் தெரியாதவன் வரைஞ்சிருக்கான். தப்புன்னு ஒத்துக்கவும் தெரியலை" என்பார்.

மந்தைவெளியில் ஷெட் வைத்திருக்கும் நாகராஜ் ஒருநாள் கதவைப் பிரித்துக் காட்டினார். "இது ரிப்பேரு இல்ல சார், பிறவி. உள்ள போற கம்பியையே கம்பெனிக்காரன் ஒரு விரக்கட கொறச்சலா வச்சிட்டான். ஒரு துண்டு வச்சிப் பத்த வச்சேன்னா மேட்டர் முடிஞ்சிது." பத்து நிமிஷ வேலை. மாமா வேண்டாம் என்றார். ஒட்டுப் போட்டால் தப்பு மறைந்துபோகும், அவன் திருத்தட்டும், அதுவரை இப்படியே இருக்கட்டும் என்றார். கொள்கைதான். ஆனால், கதவைத் திறந்துவிடும்போது எதிராளி முகத்தில் வருகிற அந்த வியப்பு அவருக்குப் பிடித்திருந்தது என்றும் எனக்குத் தோன்றியதுண்டு.

மாமா வீட்டில் பதினெட்டு வருஷமாக வேலை செய்கிறவள் அம்மாசி. கால்வாய்க் கரையிலிருந்து நடந்து வருவாள். போன வருஷம் அவள் காலில் ஆணி குத்திச் சீழ் வைத்தபோது மாமாதான் வண்டியில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். திரும்பும்போது மாட வீதியில் இறக்கிவிட்டார். வழக்கம்போல் சுற்றி வந்தார், கதவைத் திறந்தார், மேல்விளிம்பில் கையையும் வைத்தார். காப்பிப் பொடிக் கடை வாசலில் நின்ற ஒருவர், "என்ன அம்பி, டிரைவர் உத்தியோகமா? எஜமானி யாருன்னு சொல்லவேயில்லையே" என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு அம்மாசியை ஏற்றி வந்தால், ஆள் நடமாட்டமில்லாத ஏதாவது சந்தில் இறக்கிவிட்டுத்தான் தெருவுக்குள் வருவார்.

இந்தச் சித்திரையில் அவர் பெண் மாளவிகாவுக்கு நிச்சயதார்த்தம். கோபாலபுரத்தில் ஒரு சின்ன மண்டபம். பெண்ணும் உறவுக்காரர்களும் முன்பே போய்விட்டார்கள். வரிசைத் தட்டுகளை எடுத்துக்கொண்டு மாமாவின் வண்டி கடைசியாக வந்தது. நானும் அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தேன். முன் சீட்டிலிருந்து அவர் மனைவி காமாக்ஷி மாமி தானே இறங்கி, மணி ஆகிவிட்டதென்று உள்ளே விரைந்தாள். பின் சீட்டில் அம்மாசி. மடியிலும் பக்கத்திலுமாக ஒன்பது தட்டுகள்.

மாமா இறங்கி வண்டியின் மூக்குவரை வந்தார். மண்டப வாசலில் பிள்ளை வீட்டார் ஏழெட்டுப் பேர். சம்பந்தி கைகூப்பிக்கொண்டு எதிரே வந்தார். மாமா பின் கதவைப் பார்த்தார். சம்பந்தியைப் பார்த்தார். பிறகு அவர் தோளைத் தொட்டு, "வெயில்ல நிக்கறேளே, உள்ளே போலாம்" என்று அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் வண்டியைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அம்மாசி கையை உயர்த்தினாள். அந்தக் கதவைப் பற்றி எனக்குத் தெரியும். ஆனால், மாமா இரண்டு நிமிஷத்தில் வந்துவிடுவார், நடுவில் நாம் போய்த் திறந்தால் அவரைக் குற்றம் சொன்னதுபோல் ஆகிவிடும் என்று ஒரு நியாயம் உடனே கிடைத்தது. நியாயங்கள் எனக்குச் சீக்கிரம் கிடைத்துவிடும். புத்தகங்கள் படித்ததில் வந்த வசதி. அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உள்ளே போய் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டேன்.

டிபன், காப்பி, யாருக்கு யார் என்ன உறவு என்ற பேச்சு. நாற்பது நிமிஷத்துக்குப் பிறகு வாத்தியார் தட்டுகளைக் கொண்டுவரச் சொன்னார். "ஏன்னா, தட்டெல்லாம் எங்கே?" என்று காமாக்ஷி மாமி கேட்டாள். மாமாவின் முகம் அப்போது போன போக்கை எழுத எனக்கு விருப்பமில்லை. செருப்பில்லாமல் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

கதவைத் திறந்ததும் அடுப்படி மாதிரி அனல் வந்தது. அம்மாசியின் ரவிக்கை தொப்பலாக நனைந்திருந்தது. உதடுகள் வெளுத்திருந்தன. முந்தானையை எடுத்துத் தட்டுகளின் மேல் போர்த்தியிருந்தாள். முதலில் தட்டுகளைத்தான் ஒவ்வொன்றாக நீட்டினாள்.

"பூ வாடிப்பூடும்னு மூடி வச்சிகினேன் ஐயரே. வெத்தலதான் கொஞ்சம் வதங்கிப்போச்சு."

கண்ணாடியைத் தட்டியிருக்கக் கூடாதா என்று மாமா கேட்டார்.

"தட்டலாம்னுதான் பாத்தேன். மாப்ள வூட்டாளுங்க வாசல்லயே நின்னுகினு இருந்தாங்கோ. அவுங்க எதிர்ல நீ வந்து எனக்குக் கதவு தொறந்தா நல்லாவா இருக்கும்?"

அதில் குத்தல் எதுவும் இல்லை. ஒரு வீட்டு விசேஷம் கெடாமல் நடக்க வேண்டும் என்று நினைக்கிறவளின் சாதாரணப் பேச்சு. இந்த ஒரு வருஷமாக ஏன் சந்தில் இறக்கிவிடப்படுகிறோம் என்பதும் அவளுக்குத் தெரிந்தேயிருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள், கால் மரத்துப்போயிருந்தது. என்னையும் பார்த்தாள். நான் கை நிறையத் தட்டுகளை வாங்கிக்கொண்டேன், முகத்தை வேறு பக்கம் திருப்ப அது உதவியது. மண்டபத்தின் பின்பக்கக் குழாயை நோக்கி அவள் நடந்து போனாள். நிச்சயதார்த்தம் நல்லபடியாக முடிந்தது. பிள்ளை வீட்டார் போகும்போது மாமா அவர்களுக்குக் கதவு திறந்துவிட வரவில்லை. அவரை எங்கும் காணோம்.

மறுநாள் அம்மாசி வழக்கம்போல் வேலைக்கு வந்தாள். வெள்ளிக்கிழமை மார்க்கெட்டுக்குக் கிளம்பிய மாமா, வண்டியில் ஏறிக்கொள், வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து இறக்குகிறேன் என்று அவளைக் கூப்பிட்டார். தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் கூப்பிட்டார். "நான் பஸ்ல வந்துக்கறேன் ஐயரே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் ஒரு மணிக்கு நான் மாடியிலிருந்து இறங்கி வந்தேன். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. வண்டி வழக்கமாக நிற்கும் வேப்பமர நிழலில் இல்லை. எதிர்ச்சாரியில் மொட்டை வெயிலில் நின்றது. பின் சீட்டில் மாமா உட்கார்ந்திருந்தார். கைகள் மடிமேல். பனியன் மார்போடு ஒட்டிக்கிடந்தது. நெற்றியிலிருந்து வேர்வை கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது, அவர் துடைக்கவில்லை. எவ்வளவு நேரமாக அங்கே இருந்தார் என்று தெரியவில்லை.

தெருவைக் கடந்து போய்க் கதவின் கைப்பிடியைப் பிடித்தேன். சுட்டது. இந்தத் தடவையாவது திறந்துவிடுவோம் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டி, கதவின் பூட்டுக் குமிழை உள்ளிருந்து கீழே அழுத்தினார்.