நானூறு கார்டும் ஆறு மீன் கூடையும்

புது பஞ்ச் கார்டு கட்டைப் பிரித்ததும் ஒரு வாசனை வரும்... மொடமொட அட்டையும் லேசான மெஷின் எண்ணெயும் கலந்த வாசனை. யாரும் பார்க்காதபோது மூக்கருகில் வைத்து முகர்ந்து பார்ப்பேன். கம்ப்யூட்டரை அதுவரை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. வாசனை மட்டும் தெரியும்!

எழுபதுகளில், கும்மிடிப்பூண்டி பக்கம் தண்ணீர் பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனி. நான் பிளானிங் செக்‌ஷனில் டெம்பரரி. அடுத்த மாதம் எத்தனை பம்ப், அதற்கு எத்தனை போல்ட், எத்தனை வாஷர், எத்தனை பேரிங் என்று ரெஜிஸ்டரைப் பார்த்துக் கையால் கூட்டி எடுக்கவே பத்து நாள் ஓடிவிடும். கூட்டி முடிப்பதற்குள் ஆர்டர் மாறிவிடும்.

மெட்ராஸில் ஒரு ஆபீஸில் கம்ப்யூட்டர் இருக்கிறது, கார்டில் ஓட்டை போட்டுக் கொண்டுபோனால் அவர்களே லிஸ்ட் எடுத்துத் தருவார்கள் என்று மேனேஜரிடம் சொன்னவள் நான்தான். சும்மா இருந்திருக்கலாம்...

மேனேஜர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஒரே ஒரு சான்ஸ் தரேம்மா. திங்கக்கெழம காலைல லிஸ்ட் என் டேபிள்ல இருக்கணும். சரியா வந்தா கம்ப்யூட்டரு, உனக்கும் பர்மனென்ட். இல்லன்னா ரெஜிஸ்டரே போதும். நீயும் வேற எடம் பாத்துக்க வேண்டியதுதான்."

மூன்று வாரம் கை மெஷினில் ஓட்டை போட்டேன். ஒரு உதிரி பாகத்துக்கு ஒரு கார்டு. மொத்தம் நானூறு. முதலில் பம்புக்கான கார்டு, அதன் பின்னால் அதனுடைய பாகங்கள். வரிசை மாறினால் இந்த பம்பின் போல்ட் அந்த பம்பில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஓட்டை போடக் கற்றுக்கொடுத்த டிரெய்னிங்கில் சொன்னபடி, அடுக்கிய கட்டின் மேல் விளிம்பில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குச் சாய்வாக ஒரு சிவப்புப் பென்சில் கோடு போட்டேன். எதற்கு என்று கேட்கவில்லை. போடச் சொன்னார்கள், போட்டேன். கார்டுக்கு வரிசை எண்ணும் போடச் சொல்லியிருந்தார்கள்... அதை மறந்துவிட்டேன். மகா புத்திசாலி!

சனிக்கிழமை காலை பாசஞ்சர் ரயில். கார்டெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில். பதினொரு மணிக்கு அரை மணி நேரம் மட்டும் எங்களுக்கு மெஷின் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தவறவிட்டால் அடுத்த வாரம்தான்.

பொன்னேரியில் பழவேற்காட்டு மீன்காரம்மாக்கள் ஆறு பேர் கூடையோடு ஏறினார்கள். பெட்டி முழுக்க மீன் வாசனை. நான் பெரிய ஆபீசர் மாதிரி டின்னைத் திறந்து, கார்டுகளை மடியில் எடுத்து வைத்துச் சரிபார்க்க ஆரம்பித்தேன். வண்டி ஒரு குலுங்கு குலுங்கிக் கிளம்பியது...

நானூறும் கீழே.

என் பர்மனென்ட் வேலை மீன் தண்ணீரில் கிடந்தது. நான் வாய்விட்டு அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

"இன்னாம்மா, சீட்டுக்கட்டுக்குப் போயி இப்டி அழுவுற?" என்றார் அவர்களில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த கன்னியம்மா.

விக்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அதற்குள் மற்றவர்கள் கார்டுகளைப் பொறுக்கி, முந்தானையால் துடைக்க ஆரம்பித்திருந்தார்கள். கன்னியம்மா ஒரு கார்டைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார்.

"ஓரத்துல செவப்பா ஒரு புள்ளி கீதே, இது இன்னாத்துக்கு?"

சாய்வாகப் போட்ட கோடு ஒவ்வொரு கார்டிலும் ஒரு புள்ளியாக விழுந்திருந்தது. முதல் கார்டில் இடது ஓரம், கடைசிக் கார்டில் வலது ஓரம். எனக்கே அப்போதுதான் உறைத்தது!

"அவ்ளோதானே? எறாலு கூறு கட்ற மாரி கட்டிப்புடலாம். ஏய், இந்த ஓரத்துப் புள்ளியெல்லாம் நீ எடு. நடுவாந்தரம் எனக்கு. அந்தக் கடேசி அவ பாத்துக்கட்டும்."

சிறிசு, நடுத்தரம், பெரிசு என்று இறாலைக் கண்ணாலேயே பிரித்துப் பழகிய கைகள்... ஆறு மடியில் ஆறு கூறு. பிறகு ஒவ்வொரு கூறும் இன்னும் சின்னச் சின்னதாக. அவர்களில் ஒருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. தேவையும் படவில்லை. கடைசியில் பக்கத்துப் பக்கத்துக் கார்டுகளை மட்டும், அவற்றின்மேல் நான் எழுதி வைத்திருந்த பாகத்தின் பெயரைப் பார்த்துச் சரிசெய்தேன். சென்ட்ரலுக்கு முன்னாலேயே சிவப்புக் கோடு மறுபடி நேராகச் சேர்ந்துவிட்டது!

நனைந்துபோன ஐந்தாறு கார்டுகளை அந்த ஆபீஸிலேயே புதிதாகப் போட்டுக்கொண்டேன். அங்கிருந்த ஆபரேட்டர் கட்டை வாங்கியதும் மூக்கைச் சுருக்கினார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். லிஸ்ட் கடகடவென்று வெளியே வந்தது. பத்து நாள் வேலை, அரை மணியில்.

திங்கட்கிழமை மேனேஜர் ரெஜிஸ்டரோடு வரி வரியாக ஒப்பிட்டார். சரியாக இருந்தது. "கம்ப்யூட்டரே வச்சுக்கலாம்மா" என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அடுத்த முறை பொன்னேரி வந்ததும் கன்னியம்மா ஏறும்போதே கத்தினார்: "இன்னாம்மா, மிசினு பாஸா?"

"பாஸ்!" என்றேன். பெட்டி மொத்தமும் கை தட்டியது. ஒரு அம்மா விசிலே அடித்துவிட்டார்.

போன வாரம் அக்கா பையன் போன் பண்ணினான். தேர்வாய் கண்டிகையில் ஃபேக்டரி வைத்திருக்கிறான். பழைய சாஃப்ட்வேரை மாற்றுகிறார்களாம்.

"சித்தி, பழைய டேட்டாவ புதுசுக்குள்ள ஏத்தினா வரிசையே மாறிப்போவுது. ஹெல்ப்லைனுக்கு அடிச்சா ஒரு மணி நேரமா பாட்டு பாடிக்கினே கீது. ஒரே பேஜாரு."

"உங்க ஹெல்ப்லைன் பொன்னேரில ஏறாதாடா?" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. சிரித்துக்கொண்டே கதையைச் சொன்னேன். நான் மறந்த வரிசை எண்ணை அவன் ஒவ்வொரு வரிக்கும் போட்டுவிட்டு டேட்டாவை ஏற்றட்டும் என்றும் சொன்னேன்.

நேற்று சாயங்காலம் மெசேஜ் வந்தது: "சித்தி, மிசினு பாஸ்!"

வாசித்துவிட்டு, யாராவது விசிலடிப்பார்கள் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தேன்... வீட்டில் ஃபேன் சத்தம்தான் கேட்டது. நானே இரண்டு விரலை வாயில் வைத்து ஒன்று அடித்துப் பார்த்தேன். வெறும் காற்றுதான் வந்தது.