மலையூரில் பெண் பார்த்தது

எண்பதுகளின் கடைசியில் நான் சுவிஸில், இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புகள் தோய்க்கிற வேலை செய்தேன். அதே ஹோட்டலில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த ஒருவன், யாழ்ப்பாணத்தில் எங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரன், என்னை அக்கா என்று கூப்பிடுவான். எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது விசா கிடைத்திருந்தது. அவனுக்கு விசாவோடு தலைக்கனமும் சேர்ந்து கிடைத்துவிட்டது. விசா உள்ள மாப்பிள்ளை என்றால் அந்த நாட்களில் சும்மாவா!

சீசன் முடிந்ததும் முதலாளி வேலைக்காரர் எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றி ஒரு நாள் எங்காவது கூட்டிப்போவார். அந்த வருஷம் இத்தாலியில் ஒரு மலையின் மேல் இருந்த பழைய ஊர். இவனுக்குப் பேசியிருந்த பெண் அதற்குப் பக்கத்துப் பட்டணத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவியைப் பராமரித்துக்கொண்டிருந்தாள். சுவிஸுக்கு என்று கூட்டிவந்த ஏஜென்ட் பாதி வழியில் அவளை அங்கே விட்டுவிட்டுத் தலைமறைவாகிவிட்டான். விசா, பாஸ்போர்ட் என்று கையில் ஒரு கடுதாசியும் இல்லை. வேலையை விட்டுவிட்டு உடுப்புகளோடு தேவாலயத்தடிக்கு வா, எங்கள் பஸ்ஸிலேயே கூட்டிப்போகிறேன் என்று இவன் சொல்லி அனுப்பியிருந்தான். ஹோட்டல் பஸ்களை எல்லையில் மறிப்பது குறைவு. முதலாளியிடம் தன் மனிசி திரும்பும்போது ஏறுவாள் என்று சொல்லி, ஓர் இருக்கையும் பிடித்து வைத்திருந்தான்.

இவ்வளவும் செய்தவன், பஸ் மலை ஏறும்போது என் காதுக்குள் குனிந்தான். “அக்கா, முதல்லை தூர நிண்டு ஒருக்காப் பாப்பம். நான் படத்திலை பாத்ததுதானே.”

ஊரில் அப்படித்தான் செய்வோம். பெண்ணைக் கோயிலுக்குக் கூட்டிவரச் சொல்லிவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் சனத்துக்குள் நின்று தற்செயலாகப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். பிடிக்காவிட்டால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. பெண் சாமி கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள். அதற்குச் சனம் வேண்டும் என்பது அந்த மொக்கனுக்கு விளங்கவில்லை. அந்த மலையூர் முழுவதிலும் தமிழர் என்று நாங்கள் மூன்று பேர்தான்.

மற்றவர்கள் கோட்டை பார்க்கப் போனார்கள். நாங்கள் ஒடுக்கமான கல் தெருவால் ஏறிச் சதுக்கத்துக்கு வந்தோம். தேவாலயப் படியில், குளிர்காற்றில், மெல்லிய பட்டுச் சேலையோடு அவள் நின்றாள். காலடியில் ஒரு பெரிய பை. எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்தது. இவனோ காணாதவன் மாதிரித் திரும்பி, எதிரே இருந்த கோப்பிக் கடைக்குள் போய் யன்னலோரம் குந்திவிட்டான். அவளும் எங்கள் ஊர்ப் பிள்ளைதானே, விளங்கிக்கொண்டாள். சேலையைச் சரிசெய்துவிட்டு, தலையைக் குனிந்து, பார்க்கட்டும் என்று நின்றாள்.

இவன் கோப்பி குடித்து முடியுமட்டும் பார்த்தான்.

“கறுப்பா இருக்கிறா அக்கா. படத்திலை இப்பிடி இல்லை.”

“நீ கண்ணாடி பாக்கிறதே இல்லையோடா?”

“எனக்குச் சரிவராது. நான் வரேல்லையெண்டு போய்ச் சொல்லுங்கோ.”

“விசரோ உனக்கு? அவள் உன்னைக் கண்டிட்டாளடா!”

அவன் இன்னொரு கோப்பிக்குச் சொன்னான். நான்தான் எழும்பிப் போனேன்.

கிட்டப் போனதும் அவளே கேட்டாள். “அவருக்குப் பிடிக்கேல்லை, என்னக்கா?”

அவள் அழவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்தாள். “கலியாணம் வேண்டாம் அக்கா. என்னை பஸ்ஸிலை ஏத்தி அங்காலை இறக்கிவிட்டாக் காணும். நான் ஒரு கரைச்சலும் குடுக்கமாட்டன். கிழவி வேறை ஆளை எடுத்திட்டா. எனக்கு இண்டைக்குப் படுக்க இடமில்லை.”

அவளைப் பையோடு பஸ்ஸடிக்குக் கூட்டிப்போனேன். முதலாளி கண்டதும் சிரித்துக்கொண்டு கை கொடுத்தார். பின்னால் வந்த இவனைப் பார்த்து, உன் மனைவி இவவா என்று கேட்டார். ஓம் என்று சொன்னால் போதும். ஒரு சொல். எல்லை தாண்டியதும் அவள் தன்பாட்டில் இறங்கிப் போயிருப்பாள்.

“நைன்,” என்றான் ஜெர்மனில். இல்லையாம்.

முதலாளியின் முகம் மாறிவிட்டது. யாரென்று தெரியாத ஆளை எல்லை தாண்டி ஏற்ற முடியாது என்றார். எனக்குத் தெரிந்த ஓட்டை ஜெர்மனில் நான் மன்றாடினேன். அவர் கையை விரித்துவிட்டு ஏறினார். அவளுக்கு ஜெர்மன் தெரியாது. “என்ன சொல்லீனம் அக்கா? ஏறட்டாமோ?” என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இல்லை என்று தலையாட்டினேன். பஸ் வெளிக்கிட்டபோது அவள் பையின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

எல்லையில் எங்களை மறிக்கவே இல்லை. போ போ என்று கையைக் காட்டினார்கள். பாவி அதுவரைக்கும் நித்திரை. முழித்ததும் என் பக்கம் சரிந்தான்.

“அவவுக்கு ஊரிலை ஒரு தங்கச்சி இருக்கிறாவாம். அவ வெள்ளையோ, தெரியுமோ அக்கா?”

“நாசமாப் போவாயடா!” என்று கத்தினேன். பஸ்ஸில் இருந்த வெள்ளைக்காரர் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் நாசமாகப் போகவில்லை. அடுத்த வருஷம் அந்தத் தங்கச்சியை ஒழுங்கான கடுதாசிகளோடு பிளேனில் கூப்பிட்டுக் கட்டினான். ஊரில் சண்டை. ஒரு பிள்ளையாவது தப்பட்டும் என்று பெற்றவர்கள் சம்மதித்தார்களாம். மணவறையில் பார்த்தேன், பிள்ளை நல்ல வெள்ளை. அக்காக்காரி அப்போதும் இத்தாலியில்தான் இருந்தாள்.