தியுன் உண்டாக்கிய தெய்வம்

எங்கள் கெப் கடற்கரைக்கு வருகிறவர்கள் பச்சை மிளகு போட்ட நண்டைத் தின்றுவிட்டு, இடிந்த மாளிகை ஒன்றின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டால் திருப்தியாகிவிடுவார்கள். அந்த மாளிகையைக் காட்டிப் பிழைத்தவன் தியுன். டுக்டுக் என்கிற வாடகை வண்டி ஓட்டுகிறவன். ஓட்டியதைவிடக் கதை அளந்தது அதிகம்.

கூரை போன அதே மாளிகையில்தான் அவனும் மனைவி ரோமும் குடியிருந்தார்கள். உள்நாட்டுச் சண்டை முடிந்து சனங்கள் ஊர் திரும்பியபோது அவன் அப்பா தார்ப்பாய் கட்டி ஒண்டிய இடம், அவர்கள் கையில் பத்திரம் கிடையாது. மாளிகையைக் கட்டியவர் கூரை ஓடு விற்ற ஒரு வியாபாரி. தியுனைக் கேட்டால், கட்டியவள் ஓர் அரண்மனை நாட்டியக்காரி என்பான். சுவர்த் துளைகளைக் காட்டி, "எல்லாம் துப்பாக்கிக் குண்டு சார்" என்பான். அதில் பாதி, அவன் அப்பா சன்னல் நிலைகளைக் கடப்பாரையால் பெயர்த்தபோது விழுந்தவை. அரிசிக்காகப் பெயர்த்தார், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அரிசிக்காகப் பெயர்த்த சுவரை எந்தப் பயணி படம் எடுப்பான்?

பத்திரம் வைத்திருந்த முதலாளி அங்கே விடுதி கட்டப்போகிறார் என்று பேச்சு வந்தது. தியுன் முற்றத்துப் புளியமரத்தடியில் சாமிக்கென்று ஒரு சின்ன மரக்குடில் வைத்தான். ஆற்றுக்கல் ஒன்றுக்குச் சிவப்புத் துணி சுற்றி உள்ளே உட்காரவைத்து, நாட்டியக்காரி காவல் தெய்வமாக இறங்கிவிட்டாள் என்றான். எங்கள் ஊரில் இதற்கெல்லாம் சாட்சி கேட்பதில்லை. நண்டுச் சந்தைப் பெண்கள் அவித்த கோழி கொண்டுவந்து படைத்தார்கள். கோழியைத் தியுன் தின்றான்.

இடிக்க இயந்திரம் வந்தது. குடிலைப் பார்த்ததும் ஓட்டுகிறவன் இறங்கிவிட்டான்.

"தெய்வத்துக்கிட்ட உத்தரவு கேக்காம கை வைக்கமாட்டேன் மொதலாளி. எனக்குப் புள்ளகுட்டி இருக்கு."

"பாத்தீங்களா, மெஷினையே நிறுத்திட்டா எங்காத்தா!" என்று தியுன் சந்தை முழுக்கச் சொல்லித் திரிந்தான்.

முதலாளி சண்டைக்கு நிற்கவில்லை. அவரும் இந்த நாட்டுக்காரர்தானே. மறுவாரம் சாமியாடி சாரெத் அம்மாளைக் காரில் கூட்டிவந்தார். ஊதுவத்திப் புகையில் அந்த அம்மாள் ஆடினாள், அவள் வாயால் நாட்டியக்காரி பேசினாள்.

"கோழி வக்கிறாங்க, எனக்கு எலும்புதான்டா மிஞ்சுது! என் தலைமாட்டுல காலை நீட்டித் தூங்குறானே, எவன்டா அவன்? அவன வெளிய அனுப்பு. எனக்குக் கல்லுல கோயில் கட்டு. அப்புறம் நீ என்ன வேணா கட்டிக்க!"

கூட்டம் கைகூப்பியது. தியுன் கத்தினான்.

"அப்படி ஒருத்தியே கெடையாது! நான் சும்மா சொன்னது! கல்லு ஆத்துல பொறுக்குனது!"

ரோம் பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள்.

"யோவ், வாயக் கழுவு! நீ கோழி தின்னது அவளுக்கு எப்படித் தெரிஞ்சுதாம்?"

கோழி போகுமிடம் ஊருக்கே தெரியும் என்பது அவனுக்கு மட்டும் தெரியாது. அன்றைக்கே சட்டிபானையை வண்டியில் ஏற்றினார்கள்.

இப்போது அங்கே விடுதி இருக்கிறது, வாசலில் கல்கோயில். தியுன் சந்தைக்குப் பின்னால் வாடகைக் கொட்டகையில் இருக்கிறான். பயணிகளை அந்த வாசலில் இறக்கி, "குடியிருந்தவனையே துரத்துன தெய்வம் சார்" என்று பெருமையாகச் சொல்கிறான். பிறகு தானும் இறங்கி, செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறான்.