மீனம்மா வாசலில் கட்டிய வேப்பிலை

கொத்மலைப் பக்கத்து மலைகளெல்லாம் மீனம்மா ஒரு தடவை முறைத்ததால் பயந்து பின்வாங்கி நின்றவை. அவர் கொழுந்து பறிக்க இறங்கினால், பெய்யலாமா என்று மழை அவரிடம்தான் உத்தரவு கேட்கும். நம்பாதவர்கள் ஐம்பத்தேழாம் வருசம் நடந்ததைக் கேட்கட்டும்.

உலகத்தைச் சுற்றிவந்த காய்ச்சல் அந்த வருசம் தேயிலைத் தோட்டத்து வீட்டு வரிசையான லயத்துக்கும் வந்தது. விடியலில் கங்காணி பேர் எடுக்கும் பெரட்டுக்கு ஆளில்லை, சுவரோடு சுவர் ஒட்டிய அறைகளில் காம்பிராவுக்குக் காம்பிரா இருமல். மீனம்மாவுக்கோ இடது மாரில் கல்லு மாதிரி ஒரு கட்டி.

டவுன் ஆஸ்பத்திரி டொக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். "இது புற்று. வெட்டி எடுக்கணும். ஆனா காய்ச்சலோட வந்தா மயக்க மருந்து குடுக்க மாட்டேன், நெஞ்சு தாங்காது. அடுத்த கெழமை வரைக்கும் யார் மூச்சும் படாம இருந்துட்டு வாங்க."

லயத்தில் அது நடக்கிற காரியமா? ஒருத்திக்குச் சுகமில்லை என்றால் மொத்த லயமும் வந்து பாயில் உட்கார்ந்து, தலையைத் தடவி, மூக்கைச் சிந்திவிட்டுத்தான் போகும். வராதே என்றால் சண்டை.

கொழுந்தன் இராமையா கங்காணி, "காய்ச்சல் அடங்கட்டும் மதினி, பொறவு பாப்போம்" என்றார்.

"நீங்க சொன்னதும் நிக்கிறதுக்கு கட்டி என்ன ஒங்க பெரட்டுலயா இருக்கு?"

அன்று சாயங்காலமே மீனம்மா வாசலில் வேப்பிலை கட்டிவிட்டு உள்ளே தாழ்ப்பாள் போட்டார். அம்மை போட்ட வீட்டுக்குள் எவரும் நுழைய மாட்டார்கள். லயமே கன்னத்தில் போட்டுக்கொண்டு, சோற்றை வாசலில் வைத்துவிட்டு விலகியது. தோட்டத்துக்கே கோயிலடியில் ஒரே ஒரு நோஞ்சான் வேப்பமரம். இருந்தும் விடியும்போதெல்லாம் வாசலில் இலை பச்சையாகவே இருந்தது. அம்மனே வந்து மாற்றியிருப்பாள், வேறு யார்?

சொன்ன நாளில் மீனம்மா ஆஸ்பத்திரியில் போய் நின்றார். டொக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். ஒரு இரைச்சல் இல்லை. வெட்டினார்கள். பிறகு சன்னலோரமாகத் தனிக் கட்டில். வாயில் துணி கட்டிய நர்ஸ் தவிர யாரும் கிட்டே வரவில்லை. ஒரு மார் போனது, மீனம்மா திரும்பி வந்தார்.

"அம்மன் பேரால பொய்யா? கோயில்ல மன்னிப்புக் கேளுங்க!" என்று குதித்தார் இராமையா.

"கூழ் வேணும்னா ஊத்துறேன். மன்னிப்பெல்லாம் கெடையாது. அவளும் பொம்பளதான், அவளுக்குத் தெரியும்."

இவ்வளவையும் எழுதிய தங்கச்சி மகன் அதை மீனம்மாவுக்கு வாசித்துக் காட்டினான். முடிந்ததும் மீனம்மா அவன் முழங்காலில் இருந்த பழைய தழும்பைப் பார்த்தார். அவன் கால்சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.

"ஏன்டா, மரம் ஏறினா அம்மனுக்கும் முழங்கால் தேயுமா?"